தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் பண்ணலாமா? சேற்றில் சிக்கிய வண்டியை எடுப்பது எப்படி?

2023 மே 21. பெங்களூருவில் கனமழை. கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் கடந்துவிடலாம் என்று இறங்கிய வாடகை கார் நடுவிலேயே நின்றது. உள்ளே இருந்த மற்றவர்கள் மீட்கப்பட்டாலும், 22 வயது ஐடி ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இது நடந்தது காட்டாற்றில் இல்லை, விதான சௌதாவுக்குப் பக்கத்தில்.

வாரக்கடைசியில் தார், ஜிம்னி எடுத்துக்கொண்டு மண் பாதை தேடிப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். 'நம்மது ஃபோர் வீல் டிரைவ், எங்கேயும் போகும்' என்ற தைரியம் வேறு கூடவே வரும்.

எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

மஹிந்திரா தார் 650 மி.மீ. தண்ணீர் வரை போகும் என்கிறது நிறுவனம். ஆனால், ஓடும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு உதவாது. சுமார் 30 செ.மீ. ஓட்டம் சிறிய காரை நகர்த்திவிடும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான எஸ்யூவிகளையும் இழுத்துப் போய்விடும். சுரங்கப்பாதையில் இன்னொரு சிக்கல்: பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டால்?

மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அடுத்த முறை சாவி திருப்பும்போது கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் உடையும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் இந்தச் செலவு கிடைக்காது, 'எஞ்சின் ப்ரொடெக்ட்' என்று தனியாக எடுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏறுகிறதா? காரை மறந்துவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி, மின்சாரம் போவதற்குள் ஜன்னலை இறக்கி வெளியே வாருங்கள். வெளியில் தண்ணீர் அழுத்தும்போது கதவு திறக்காது. ஜன்னல் இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடியோடு போராட வேண்டாம்.

சேற்றில் புதைந்தால்?

சக்கரம் வெட்டியாகச் சுற்றுகிறது என்றால் காலை எடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வாரிவிட்டு, டயர் காற்றை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் அகலமாகப் பரவிப் பிடிப்பு கிடைக்கும். ஃபோர்-லோவில் மெதுவாக நகர்த்துங்கள். வெளியே வந்ததும் காற்றை நிரப்பாமல் ஹைவேயில் ஏறாதீர்கள்.

கயிறு கட்டி இழுப்பதில்தான் உண்மையான ஆபத்து

டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறைக் கட்டாதீர்கள். திடீர் இழுப்பில் அது உடைந்தால் தோட்டா மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் இருக்கும் ரெக்கவரி பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள். சாதாரண கார் பம்பரில் திருகி மாட்டும் கொக்கி, ரோட்டில் டோ பண்ணத்தான். சேற்றிலிருந்து பிடுங்க அல்ல.

வெட்டி இழுக்க ஏற்றது நீளக்கூடிய கைனடிக் கயிறு. சங்கிலி, சாதாரண டோ பெல்ட் என்றால் மெதுவாக, விறைப்பாக மட்டும் இழுக்க வேண்டும். கயிற்றின் நடுவே ஈரத்துணி ஒன்றைப் போடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். வீடியோ எடுக்கிற நண்பரும்தான்!

கிராமத்துப் பக்கம் உதவிக்கு வருவது டிராக்டர்தான். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெங்களூரு ஐடி ஊழியர்களை ஆபீஸுக்குக் கொண்டுபோனதும் அதுவே. டிராக்டர் அண்ணனிடம் எங்கே மாட்டுவது என்று காட்டிவிட்டு, 'ஒரே வெட்டா இழுக்காதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டி வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்திக் காயவிடுங்கள். ஆழமான தண்ணீரில் நின்றிருந்தால் கியர், டிஃபரென்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியாக வேண்டும்.