குங்கிலியப் புகையும் கச்சா எண்ணெயும்

கரமனையில் நான் தங்கியிருக்கும் வீட்டில் அந்திதோறும் குந்திரிக்கம் புகைப்பார்கள். வடமொழிக் ‘குந்துருக்கம்’ சாம்பிராணி இனத்து மரப்பிசினைக் குறித்த சொல். மலையாள நாட்டில் அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைப்பயின் மரத்தின் பிசினுக்கும் பெயராயிற்று; தமிழில் அப்பிசினை வெள்ளைக் குங்கிலியம் என்பர். பெயரை மட்டும் கொண்டு மரத்தைத் துணிய இயலாது. மொழியியல் பயின்ற எனக்கு இது பழகிய இடர். கச்சா எண்ணெயின் பிறப்பிடத்தைத் தேடியவர்களுக்கும் இவ்விடரே நேர்ந்தது.

எண்ணெய் உயிர்ப்பொருளிலிருந்து பிறந்ததா, பாறையின் ஆழத்து வேதிவினையால் விளைந்ததா என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. மெண்டலீவ் பின்னதையே ஆதரித்தார். 1934இல் மியூனிக் நகரில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் எண்ணெயிலும் களிப்பாறையிலும் போர்ஃபிரின் மூலக்கூறுகளைக் கண்டறிந்தார். இலையின் பச்சையத்திற்கு உரிய வளையக் கட்டமைப்பு அது; நடுவிலிருந்த மக்னீசியத்தின் இடத்தில் வனேடியமோ நிக்கலோ அமர்ந்திருந்தது. மிகு வெப்பத்தில் சிதையும் இம்மூலக்கூறு எஞ்சியிருந்ததால், எண்ணெய் பெருங்கொதிப்பில் பிறந்ததன்று என்பதும் புலனாயிற்று. பயோமார்க்கர் எனப்படும் உயிர்ச்சுவட்டு மூலக்கூறுகளின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

இவ்வாய்வு நம் நாட்டு எண்ணெய்க்கும் பொருந்தும். அசாமின் டிக்பாயில் 1889 முதல் எண்ணெய் எடுக்கப்படுகிறது. அங்கு எண்ணெய் தங்கியிருப்பது திப்பம் மணற்பாறையில். பிறந்ததோ அதனினும் மூத்த நிலக்கரி, களிப்பாறை அடுக்குகளில் என்பது பெரும்பான்மைக் கருத்து. மேல் அசாம் எண்ணெய்களில் ஓலியனேன் மிகுந்துள்ளது. அது பூக்கும் தாவரங்களின் சுவடு. பாக்டீரியாவின் சுவடான ஹோப்பேனோடு ஒப்பிடுகையில் அதன் அளவு 20 விழுக்காட்டை விஞ்சினால், மூலப்பாறை டைனோசர்கள் மறைந்த பிற்காலத்தது எனக் கொள்வர். பைகாடினேன் என்னும் மற்றொரு சுவடும் அங்கு உண்டு. அது குங்கிலியக் குடும்பத்து மரங்களின் பிசினிலிருந்து வருவது. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டு மூத்த பிசிற்படிவங்களும் அக்குடும்பத்தனவே. இவ்வீட்டில் புகையும் பிசினைத் தரும் மரமும் அக்குடும்பமே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் பிறந்த இடத்தில் நிற்பதில்லை; பாறை இடுக்குகளின் வழியே நகர்கிறது. வழியில் இளைய நிலக்கரிப் படுகையைக் கடந்தால், அங்குள்ள ஓலியனேனையும் கரைத்துக்கொள்ளும். அப்போது அச்சுவடு தாய்வீட்டுச் சொத்தன்று, வழியில் பெற்ற கடன். இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருப்பது கண்டு அவற்றை ஓரினம் என்று துணியும் பிழை இதற்கு நிகரானது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் உறவை நிறுவியபோது, மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வினைத்திரிபு எனப் பல நிலைகளில் ஒப்புமை காட்டினார். எண்ணெய் ஆய்வாளரும் ஸ்டெரேன், ஹோப்பேன், கார்பன் ஐசோடோப்பு ஆகிய பலவற்றை ஒருங்கே வைத்து, ஐயத்திற்குரிய மூலப்பாறையிலிருந்து பிரித்த சாற்றோடு நேர்நிறுத்தியே முடிவு கூறுகின்றனர்.

இன்று ஒரே ஒரு சொல்லொப்புமையைக் கொண்டு உலகமொழிகளின் தாயைக் காட்டும் பதிவுகள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. அவற்றைப் பகிரும் மாணவ நண்பர்கள் ஒரு கேள்வியை முன்வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்: இச்சுவடு பிறப்பிடத்ததா, வழியில் ஒட்டியதா? வேதியியலார் தம் எண்ணெயிடம் கேட்கும் இக்கேள்வியை நாம் நம் சொற்களிடமும் கேட்கலாம். நிலவேதியியல் அறிந்தோர் இதில் பிழை காணின் திருத்துக.