இருட்டில் வெளுத்த சட்டை

அகரத்தில் எங்கள் வீட்டு வாசல் கேமரா தினமும் அந்தி சாயும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "முழிச்சிருச்சுப்பா உன் காவக்காரன்" என்பார். அந்த 'டிக்' என்னவென்று தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. ஆர்வத்தில் தேடினேன் என்று சொன்னால் பொய். ஒரு தப்பு நடந்த பிறகுதான் தேடினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி ராத்திரி, வீட்டுப் போர் மோட்டாரின் செப்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஒல்லியாக ஓர் உருவம், கலங்கிய முகம், பளிச்சென்று வெள்ளைச் சட்டை. "இது அவனேதான், வெள்ளச் சட்டையத் தவிர வேற போடவே மாட்டான்" என்றார் பெரியப்பா. பக்கத்துத் தெருவில் லோடு ஏற்றும் பையன் ஒருவனைத்தான் சொன்னார். கூப்பிட்டு விசாரித்தோம். "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லண்ணே" என்றான். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ராத்திரிக் காவல் நமக்குப் புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் மதுரையின் நள்ளிரவு வருகிறது. இடுப்பில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு, கருநீலக் கச்சை கட்டி, இருட்டோடு இருட்டாகத் திரியும் கள்வர்கள். மழை கொட்டும் நடுச்சாமத்திலும் அசராமல் அவர்களைத் தேடும் ஊர்க்காவலர்கள். கள்வன் கறுப்பை உடுத்துவான், காவலன் கண்ணைத் தீட்டுவான். பல நூற்றாண்டுகள் இந்தக் கணக்கு மாறவில்லை.

மாற்றத்துக்கு விதை விழுந்தது 1800இல். இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில் சூடு இன்னும் அதிகமாக ஏறியது. அகச்சிவப்பு ஒளி அகப்பட்டது அப்படித்தான்.

1910இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஒளியில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். பச்சை மரங்களெல்லாம் பனி மூடியதுபோல் வெள்ளையாக இருந்தன, வானம் கறுத்துக் கிடந்தது. இலை அகச்சிவப்பை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதுதான் காரணம். இந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வாசல் வேப்பமரமும் ராத்திரிப் பதிவில் வெள்ளையாகத்தானே தெரிகிறது? அப்படியானால் சட்டை?

அன்று ராத்திரியே என்னுடைய கருநீலச் சட்டை ஒன்றை கேட்டில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து திரையைப் பார்த்தேன். வெள்ளை. ஒரு கறுப்புச் சட்டையையும் மாட்டினேன். அதுவும் சாம்பல் பூத்த வெள்ளை. துணிச் சாயங்களில் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும், அகச்சிவப்பை விழுங்காது. கண்ணுக்கு எந்த நிறச் சட்டையாக இருந்தாலும் இந்தக் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியலாம். நாங்கள் ஒரு பையனைப் பிடித்து நிறுத்தியது அந்த வெள்ளையை நம்பித்தான்.

மீதிக் கதை சீக்கிரம் நடந்தது. 1961இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும் காலியம் ஆர்சனைடு டயோடு அகச்சிவப்பை உமிழ்வதைக் கண்டார்கள். 1966இல் நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவரோடு சேர்ந்து வீட்டு வாசலுக்குக் கேமரா வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார். நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டுவது யார் என்று தெரிய வேண்டும் என்பது அவருடைய கவலை. 1969இல் காப்புரிமை கிடைத்தது. அதே 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயலும் ஸ்மித்தும் சி.சி.டி. உணரியை வடிவமைத்தார்கள், அதற்கு 2009இல் நோபல் பரிசு. 1990களில் எரிக் ஃபாசம் நாசாவுக்காக உருவாக்கிய சீமாஸ் உணரிதான் பிறகு விலை குறைந்து வீட்டு வாசலுக்கு வந்தது.

இந்த உணரிகள் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கானுக்கு அகச்சிவப்பும் தெரியும். பகலில் அது நிறத்தைக் கெடுக்கும் என்பதால் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி இருக்கும். இருட்டியதும் அது விலகும். அம்மா கேட்கும் 'டிக்' அந்தக் கண்ணாடி நகரும் சத்தம்.

கேமராவைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. இருநூறு வருஷமாக எல்லோரும் செய்தது ஒன்றே: கூடுதல் ஒளியைக் கொடு, அல்லது வரும் ஒளியைச் சிந்தாமல் பிடி. மெகாபிக்சலைக் கூட்டினால் ராத்திரிப் படம் தெளியும் என்று நானும் நினைத்திருந்தேன். அதே அளவு உணரியில் 2 மெகாபிக்சலை 8 ஆக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கால்வாசி இடம்தான் மிஞ்சும், ஒளியும் கால்வாசிதான்.

நான் செய்தவை மிகச் சாதாரணம். லென்ஸ் முன்னால் இருந்த சிலந்தி வலையைத் துடைத்தேன். வலை அகச்சிவப்பைப் பட்டென்று திருப்பியடிக்க, கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து பின்னால் இருப்பதை எல்லாம் இருட்டாக்கிக்கொண்டிருந்தது. ஷட்டர் தானியங்கியில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குவரை திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் நடந்து போகிறவர் சுமார் 25 செ.மீ. நகர்ந்துவிடுவார், முகம் கலங்காமல் என்ன செய்யும்? 25இல் ஒரு பங்காக மாற்றினேன், நகர்வு 5 செ.மீ. ஆனது. ஆனால் படம் இருண்டது. தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசியாகும் என்பதால், தனியாக ஓர் அகச்சிவப்பு விளக்கை வாங்கி கேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். முகம் தெளிந்தது. சட்டை மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

"ஏம்ப்பா, இம்புட்டுப் பாடு படுறதுக்கு வாசல்ல ஒரு லைட்டப் போட்டா என்ன?" என்றார் அம்மா. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டி, ராத்திரியிலும் கலரிலேயே பதிவாகும்படி கேமராவை மாற்றினேன். நீலச் சட்டை நீலமாகத் தெரிந்தது.

மறுநாள் பெரியப்பாவைக் கூட்டிவந்து இரண்டு பதிவுகளையும் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான். ஒயரை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அவன் எங்கள் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டான்.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருட்டிலும் பூட்டு தன் வேலையைப் பார்க்கும். யார் மேலும் பழி போடாது. கேமராவின் ராத்திரிப் பதிவை வைத்து யாரையாவது கை காட்டும் முன், உங்கள் கருநீலச் சட்டை ஒன்றை ஒரு ராத்திரி கேட்டில் மாட்டிப் பாருங்கள்.