நேர்த்திக்கடன் அரிவாள்

நேர்த்திக்கடன் அரிவாள் என்பது தென் தமிழகத்தில் கருப்பண்ணசாமி, அய்யனார் முதலிய காவல் தெய்வங்களுக்கு வேண்டுதல் நிறைவேறியபின் செலுத்தப்படும் காணிக்கைக் கத்தி. நெல்லறுக்கும் கருக்கரிவாளுக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. அது பல்வைத்த பிறை. இது நேராக நீண்டு நுனியில் வளையும் வீச்சரிவாள். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி இதற்குப் பேர்போன ஊர். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னிதியில் இத்தகைய அரிவாள்களைக் காணலாம். சாமியாடி அரிவாளின் விளிம்பில் ஏறி நின்று வாக்குச் சொல்லும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு.

சடங்குக்கென்றே வாழும் கத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் ஸ்கியன் டூ. கேலிக் மொழியில் ‘கருங்கத்தி’ என்று பொருள். கில்ட் என்னும் கட்டம்போட்ட பாவாடையோடு முழங்கால் வரை ஏறும் காலுறையில், பிடி மட்டும் வெளியே தெரியும்படி செருகிக்கொள்வார்கள். அலகு மூன்று, மூன்றரை அங்குலம். பிடியில் பின்னல் வேலைப்பாடு, தலையில் பெரும்பாலும் புகைநிறக் கல். நம்மூரில் இதற்கு மிக நெருங்கிய உறவு அரிவாள் அல்ல, குடகின் பீச்சேகத்தி. குப்யா என்னும் வெள்ளை அங்கிக்கு மேல் கட்டிய சிவப்புப் பட்டுக் கச்சையில் குடவ மணமகன் முன்பக்கமாகச் செருகும் வெள்ளிப்பிடிக் குறுவாள் அது. குடவர் கல்யாணத்தில் நட்டுவைத்த வாழைத்தண்டை ஒடிகத்தியால் வெட்டுவதும் ஒரு சடங்கு.

அரிவாளுக்கும் ஸ்கியன் டூவுக்கும் இடையே உருவத்தில் ஒற்றுமை இல்லை. வரலாற்றில் உண்டு. 1746இல் குலோடன் போரில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார் தோற்றதும், பிரிட்டிஷ் அரசு அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்தது, உடையையும் தடைசெய்தது. உடைத் தடை நீங்கியது 1782இல். நாற்பது ஆண்டுகள் கழித்து 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று ஏற்பாடு செய்த வரவேற்பில் அதே உடை அரச விழாக்கோலமாகத் திரும்பி வந்தது. கத்தியும் அத்துடன் அலங்காரப் பொருளாக நிலைத்தது. இங்கும் ஆயுதப் பறிப்பு நடந்தது. சிவகங்கைச் சீமையில் ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களின் படைகளைக் கலைத்து, ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது.

வீசி எறியும் வளைந்த ஆயுதமான வளரி அதோடு போர்க்களத்திலிருந்து மறைந்தது. கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொண்டதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூல்வரிசையில் குறித்திருக்கிறார், ஆயுதம் சீர்ப்பொருளாகிவிட்டது. அரிவாள் தப்பியதற்குக் காரணம் எளிது என்று தோன்றுகிறது: தென்னை ஏறவும் முள் வெட்டவும் அது வேண்டும். உழவன் கருவியை எந்த அரசும் முழுதாகப் பறிக்க முடியாது. இன்றும் இந்திய ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு நீண்ட, அல்லது இரண்டு அங்குலத்துக்கு அகன்ற கத்திகளை ஆயுதக் கணக்கில் சேர்த்தாலும், வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவற்றை விலக்கிவைக்கின்றன. ஸ்காட்லாந்துச் சட்டமும் தேசிய உடையின் அங்கமாகக் கத்தி வைத்திருப்பதை ஏற்கிறது. அங்கே காப்பாற்றியது உடை, இங்கே வயல்.

கைவினை எங்கே மாறியது என்றால், இரும்பில். பழைய கொல்லன் உலைகள் உருக்கிய நாட்டிரும்பு போய், லாரியின் ஸ்பிரிங் பட்டை வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் 2012இல் டெய்ம்லர் நிறுவனம் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கிருந்தோ எண்ணூர் லாரி ஆலையிலிருந்தோ புறப்படும் ஒரு லாரி, பல லட்சம் கிலோமீட்டர் பாரம் சுமந்து ஓய்ந்தபின், அதன் பட்டைகள் காயலான் கடைக்குப் போகும். அவற்றில் சில அரிவாளாகலாம்.

பட்டை ஏன் என்பதைப் பட்டறையில் கேட்டால் ‘முறியாது’ என்பார்கள். ஸ்பிரிங் எஃகில் கரி ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் கடினப்படும்; ஆனால் கண்ணாடிபோல் உடையாது. சிலிக்கானும் மாங்கனீசும் வளைந்து மீளும் குணத்தைக் கூட்டும். உலையில் செக்கச்செவேலெனக் காய்ச்சி, அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் நீட்டி, வளைத்து, அரத்தால் ராவி, கடைசியில் தோய்ச்சல் போடுவார்கள். கொல்லனின் பெயர் நிற்பதும் கெடுவதும் இந்தத் தோய்ச்சலில்தான். சூட்டோடு நீரில் முக்கிய விளிம்பு மொறுமொறுப்பாகிவிடும். அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டும்போது மெருகிட்ட எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும், பிறகு நீலம். ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறம், 300ஐ ஒட்டி நீலம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கண்தான் அளவுகோல். ஒரகடத்தில் கியர் சக்கரத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் உலையில் பதப்படுத்துவதும் இதே இயல்பை நம்பித்தான்.

ஸ்காட்லாந்துக் கத்திக்காரர்கள் இன்று வேறு பக்கம் போயிருக்கிறார்கள். மான்கொம்பும் சதுப்பில் புதைந்து கறுத்த ஓக் மரமும் பிடியாகின்றன. அலகுக்கு ‘டமாஸ்கஸ்’ எஃகு பெருமைக்குரியது. இருவகை எஃகை அடுக்கி, பற்றவைத்து, மடித்து அடித்து அலையலையாகக் கோலம் எழுப்பும் முறை அது. பெயருக்கு மூலமான பழைய டமாஸ்கஸ் வாளின் எஃகு வேறு: தென்னிந்தியாவில் மண்குகையில் உருக்கிய உட்ஸ். பம்பாயில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் 1794இல் அதன் மாதிரிகளை லண்டனில் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். அதன்பின் ஐரோப்பாவில் மைக்கேல் ஃபாரடே உள்படப் பலர் அதன் ரகசியத்தைத் தேடினார்கள். ஈரோடு அருகே கொடுமணலில் அகழ்ந்தவை நம் பக்கத்து எஃகுத் தொழிலின் பழமையைக் காட்டுகின்றன. மறுமுனையில், ஒருநாள் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் ஸ்கியன் டூக்களில் அலகே இல்லாத, பிடி மட்டும் உள்ள பிளாஸ்டிக் துண்டுகளும் உண்டு. அதையும் மரபின் மறுவிளக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் அரிவாள் அந்த வழியில் போகவில்லை, பெருத்துப் போனது. ஆள் உயரத்தைத் தாண்டும் காணிக்கை அரிவாள்கள் இப்போது சகஜம். எவர் கையும் வீச முடியாத அந்த அளவே அது தெய்வத்துக்கு உரியது என்று சொல்லிவிடுகிறது. இன்னொரு பக்கம், தொழில் வட்டாரத்தின் ஆயுத பூசையில் பிரஸ்ஸுக்கும் லேத்துக்கும் வெட்டும் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, வாசலில் பூசணி உடைப்பதும் இதே மரபின் கிளைதான்.

கத்தியின் மறுமுகமும் மறைக்கக்கூடியதல்ல. தென்மாவட்டக் கொலைச் செய்திகளிலும் சினிமாவிலும் அரிவாள் பெற்ற கெட்ட பெயர் பட்டறைக்காரர்களைத்தான் முதலில் சுடுகிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளுக்கு எதிராக நடத்திய சோதனைகளை ஒட்டி, அரிவாள் செய்யும் பட்டறைகள் கண்காணிப்புக் கேமரா வைக்கவும், வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்துவைக்கவும் அறிவுறுத்தப்பட்டன.