மறக்கப்பட்ட பிரயாண விமானங்கள்

என் மேஜைமீது இரட்டைச் சிறகுகளையுடைய ஒரு சிறு பிளாஸ்டிக் விமானம் நிற்கிறது. மேற்சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்தால் 27 சென்டிமீட்டர் சொச்சந்தான். நான்கு எஞ்சின்களில் இரண்டு மேற்சிறகிலும் இரண்டு கீழ்ச்சிறகிலும் அமைந்திருக்க, அக்காலத்து விமானங்களில் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடக்கும் கம்பிகளுக்குப் பதிலாக, பாலத்து இரும்புச் சட்டங்களைப்போன்ற சாய்வான தாங்குகோல்கள் இரு சிறகுகளையும் இணைக்கின்றன. இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி 1931 முதல் லண்டனிலிருந்து பாரிஸுக்கும், கெய்ரோவிலிருந்து கராச்சிக்கும் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஹாண்ட்லி பேஜ் 42 என்னும் விமானத்தின் 1/144 அளவு மாதிரி இது. 1960-களில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இதை வெளியிட்டது. அசல் விமானங்கள் எட்டே எட்டு; அவற்றில் ஒன்றுகூட இன்று உலகத்தின் எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. ஆகவே, அதன் உருவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க விரும்புகிறவனுக்கு இத்தகைய மாதிரிதான் கதி.

ஆனால் இப்படிப்பட்ட மாதிரிகள் மிக அபூர்வம். மாதிரி விமானங்களை விற்கும் எந்தக் கடையில் நுழைந்தாலும், அலமாரிகளில் அடுக்கடுக்காக நிற்பவை ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட், மஸ்டாங் ஆகிய யுத்த விமானங்களே. மனிதர்களைச் சுமந்து சமுத்திரங்களையும் பாலைவனங்களையும் தாண்டிச் சென்ற சாந்தமான விமானங்களுக்கோ ஒரு மூலை கிடைத்தாலே பெரிது. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக நேர்ந்ததன்று. இந்தக் கைத்தொழில் பிறந்து வளர்ந்த சரித்திரத்திலேயே அதற்கான காரணங்கள் இருக்கின்றன.

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்யும் பெட்டிகளை முதன்முதலில் விற்றது, 1936-இல் இங்கிலாந்தில் தோன்றிய ஃபிராக் பென்குயின் வரிசை. பறக்கத் தெரியாத பறவையின் பெயரை, பறக்காத மாதிரிகளுக்குப் பொருத்தமாகச் சூட்டியிருந்தார்கள். அந்த வரிசையில் போர் விமானங்களே மிகுதியென்றாலும், இம்பீரியல் ஏர்வேஸின் எம்பயர் பறக்கும் படகுக்கும் ஓர் இடம் இருந்தது. எதிர்காலம் இரு வழிகளிலும் சென்றிருக்கலாம் என்பதற்கு அந்த ஒரு படகே சாட்சி. ஆனால் மகாயுத்தம் வந்து வழியைத் தீர்மானித்துவிட்டது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, வானத்தில் தெரிவது நட்பு விமானமா பகை விமானமா என்று வீரர்கள் கண்டுகொள்ளப் பழகுவதற்காக, 5 லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளிக்கூடத்து மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. 6 அடிக்கு 1 அங்குலம், அதாவது 1/72 என்பதே அவற்றின் அளவு. ஒரு தலைமுறையே சிறு விமானம் என்றால் போர் விமானம் என்று கையாலும் கண்ணாலும் கற்றுக்கொண்டது.

யுத்தம் முடிந்தபின் வந்த குழந்தைகள், தகப்பன்மாரின் வாயிலாகவும் சினிமாவின் வாயிலாகவும் அந்த யுத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தவர்கள். ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1953-இல் தன் முதல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. 1955-இல் ‘தி டாம் பஸ்டர்ஸ்’ படமும், அதற்கடுத்த ஆண்டில் ‘ரீச் ஃபார் தி ஸ்கை’ படமும் வந்தன. சனிக்கிழமை கைச்செலவுக்குக் கிடைத்த காசில் ஒரு சிறுவன் வாங்கிய பெட்டியின் மூடியில், துப்பாக்கி முழங்கப் பாயும் விமானத்தின் வர்ணச் சித்திரம் இருந்தது. அறுபது பிரயாணிகளுக்குத் தேநீர் பரிமாறிக்கொண்டு அமைதியாகப் போகும் விமானத்தின் சித்திரம் அந்தச் சிறுவனின் மனத்தை எவ்வாறு கவரும்?

மனத்தின் சார்பு ஒருபுறமிருக்க, கணக்கின் கொடுமை மற்றொரு புறம். ஸ்பிட்ஃபயரை 1/72 அளவில் செய்தால் சிறகு 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்; போயிங் 747-ஐ அதே அளவில் செய்தாலோ நீளம் 98 சென்டிமீட்டரும் சிறகு 83 சென்டிமீட்டரும் ஆகும். அதை வைக்க இடமுள்ள வீடும் சில, அதற்கான எஃகு அச்சை வெட்டச் செலவிடத் துணியும் கம்பெனியும் சில. ஆகையால் ஏர்ஃபிக்ஸ் அந்த அளவைப் பாதியாகக் குறைத்து, 1/144-இல் காமெட், காரவெல், வான்கார்ட், டிரைடென்ட், விசி-10 என்று ஒரு நல்ல வரிசையைக் கொண்டுவந்தது. பிரான்ஸின் ஹெல்லர் தன் 747-ஐ 1/125-இலும், ஜப்பானின் ஹாஸெகாவா தன் ஜெட் விமானங்களை 1/200-இலும், கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரத்துத் தொழிற்சாலை சோவியத் விமானங்களை 1/100-இலும் செய்தன. ஒரு கம்பெனியின் காமெட்டும் இன்னொரு கம்பெனியின் இல்யூஷினும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு ஒவ்வாது. போர் விமானங்களைச் சேர்ப்பவனுக்கு 1/72 என்னும் ஒரே மொழி வாய்த்தது. பிரயாண விமானங்களைச் சேர்ப்பவனோ நான்கு மொழிகளில் பேச வேண்டியவனானான். சிறிதாயிருந்த கூட்டம் இவ்வாறு மேலும் சிதறிப்போயிற்று.

செய்யும் கைக்கும் இதில் சிரமம் அதிகம். போர் விமானத்தின் பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் வர்ணம் சிறு குற்றங்களை மன்னித்துவிடும். ஓரிடத்தில் பசை வழிந்திருந்தால், போர்க்களத்துக் கறை என்று கண் ஏமாந்துபோகும். பிரயாண விமானத்தின் மேனியோ பளபளக்கும் வெள்ளை. இரு பாதிகளும் கூடும் பொருத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த வெள்ளை அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தூசி விழுந்தாலும் உலரவிட்டு, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும். அதன்பின் ஜன்னல்களின் வரிசை. 1/144-இல் ஒவ்வொன்றும் ஒருசில மில்லிமீட்டர் உயரந்தான். அந்த வரிசைக்குக் கீழே விமானத்தின் நீளம் முழுவதும் ஓடும் வர்ணப்பட்டையை, தண்ணீரில் நனைத்த தாளிலிருந்து வழுக்கி இறக்கி, ஈரத் தூரிகையால் மூக்கின் வளைவில் மடிப்பு விழாமல் நீவிவிட வேண்டும். மூச்சையடக்கிச் செய்யும் அந்த ஐந்து நிமிஷ வேலை பிழைத்தால் ஒரு மாத உழைப்பு வீண்.

வியாபாரமும் இதற்கு அனுகூலமாக இருக்கவில்லை. ஸ்பிட்ஃபயர் இருபதினாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டு, பல தேசங்களின் சின்னங்களோடு பறந்தது. வான்கார்ட் விமானங்கள் மொத்தம் 44, விசி-10 விமானங்கள் 54. விமானக் கம்பெனிகள் தங்கள் வர்ணங்களையும் பெயர்களையும் மாற்றிக்கொண்டே போக, பெட்டியிலிருந்த சித்திரத்தாள் சில ஆண்டுகளிலேயே பழைய காலத்ததாகிவிடும். போதாக்குறைக்கு, ஃபிராக் 1976-இல் மூடப்பட்டது. ஏர்ஃபிக்ஸ் 1981-இல் நொடித்து வேறு கைகளுக்கு மாறியது. அச்சுகள் கைமாறும் காலத்தில் புது முதலாளி முதலில் தேடுவது நிச்சயமாக விற்கும் ஸ்பிட்ஃபயரைத்தான்.

இருந்தும் இந்தக் கலை அற்றுப்போகவில்லை. வேல்ஸ் தேசத்தின் வெல்ஷ் மாடல்ஸ், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து, பெரிய கம்பெனிகள் தீண்டாத விமானங்களுக்கு உருவம் கொடுத்தது. உக்ரைனின் ரோடென் பிரிட்டானியாவையும் விசி-10-ஐயும் புதிதாக அச்சு வெட்டி வார்த்தது. ரஷ்யாவின் ஸ்வெஸ்டா சூப்பர்ஜெட்டையும் போயிங் 787-ஐயும் வெளியிட்டிருக்கிறது. லாபத்தைவிட அன்பே அதிகம் தேவைப்படும் காரியம் இது.

அந்த அன்பு ஏன் வேண்டும் என்பதை என் மேஜைமீதுள்ள இரட்டைச் சிறகு விமானம் எனக்கு நாள்தோறும் சொல்கிறது. எட்டு விமானங்களுள் ஒன்றன் பெயர் ஹானிபல். 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் தேதி, இந்தியாவிலிருந்து மேற்கே போகும் வழியில், ஜாஸ்க்குக்கும் ஷார்ஜாவுக்கும் இடையே ஓமான் வளைகுடாவின்மேல் அது மறைந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர், பிரிட்டிஷ் சர்க்காரின் இந்திய மந்திரிக்கு ஆலோசகராகப் பதவியேற்க லண்டன் புறப்பட்ட தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். அவர் பெயரைத் தமிழ்நாட்டுச் சரித்திரம் அறியும். அவர் கடைசியாகப் படியேறிய விமானம் எப்படியிருந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? சிறுவன் ஒருவன் என் மேஜையருகே வந்து அதைக் கேட்டால், நான் இந்த மாதிரியை அவன் உள்ளங்கையில் வைப்பேன். பிரயாணிகள் ஏறிய கதவைத் தொட்டுக் காட்டுவேன். யுத்தத்தின் நினைவுகள் ஆயிரம் பெட்டிகளில் இருக்கட்டும். பிரயாணம் போனவர்களின் நினைவுக்கும் கடை அலமாரியில் ஒரு பெட்டி என்றும் இருக்க வேண்டும்.