நாற்பது வருடம் அலைந்த ஃப்ரேம்

இங்கிலாந்தின் நார்விச் நகரில் மைக் பர்ரோஸ் என்றொரு பட்டறைக்காரர் இருந்தார். 1980களின் தொடக்கத்தில், சைக்கிள் ஃப்ரேமில் எதற்காக இத்தனை குழாய்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். இரும்பு ஃப்ரேம்களின் காலத்தில் குழாய்களை முக்கோணமாகப் பற்றவைத்தார்கள், சரி. இரும்புக்கு அதுதான் வசதி. கார்பன் ஃபைபர் துணி மாதிரி வருகிறது. அச்சில் விரித்துப் பிசினோடு வேகவைத்தால் எந்த வடிவத்துக்கும் இறுகும். அதையும் குழாயாகச் சுருட்டி முக்கோணம் கட்டுவானேன்? காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே உடலாகச் செய்துவிடலாமே.

செய்தும் காட்டினார். யூசிஐ என்னும் சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பு அதைச் சைக்கிளாகவே ஒப்புக்கொள்ளவில்லை. ஃப்ரேம் சில வருடங்கள் சும்மா கிடந்தது.

1990இல் தடை நீங்கியது. நார்விச் இருக்கும் அதே நார்ஃபோக் மாவட்டத்தில் இருந்த லோட்டஸ் கார் கம்பெனி அந்த ஃப்ரேமை எடுத்துக்கொண்டு, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து மெருகேற்றியது. அப்படிப் பிறந்ததுதான் லோட்டஸ் 108. முன்சக்கரத்தைப் பிடிக்க இரண்டு கால் கொண்ட ஃபோர்க் கிடையாது, ஒற்றைக் கால்தான். பார்ப்பவருக்குச் சக்கரம் இப்போதே கழன்றுவிடுமோ என்று பயம் வரும்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அதில் ஏறியவர் கிறிஸ் போர்ட்மன், அப்போது வேலையில்லாமல் இருந்த ஒரு தச்சர். 4,000 மீட்டர் பர்சூட் பந்தயத்தில் இரண்டு வீரர்கள் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் புறப்படுவார்கள். இறுதிப் போட்டியில் போர்ட்மன், உலக சாம்பியனான ஜெர்மனியின் யென்ஸ் லேமனைத் துரத்திப் பிடித்தே விட்டார். சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனுக்கு 72 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தங்கம். மறுநாள் பத்திரிகைகள் தச்சரை விட்டுவிட்டுச் சைக்கிளைக் கொண்டாடின. போர்ட்மனுக்கு அது உறுத்தியிருந்தால் தப்பில்லை.

1996 செப்டம்பரில் அவர் மான்செஸ்டரில், கைகளை நேரே முன்னால் நீட்டிய 'சூப்பர்மேன்' நிலையில், ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டி மணிநேர சாதனை படைத்தார். யூசிஐ விழித்துக்கொண்டது. அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஒரு சாசனம்: எந்திரத்தைவிட மனிதனே முக்கியம், சைக்கிள் சைக்கிள் மாதிரி இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து முக்கோண ஃப்ரேம் கட்டாயம். எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. போர்ட்மனின் சாதனை வேறு கணக்கில் ஒதுக்கப்பட்டது. மணிநேர சாதனை 1972இல் எடி மெர்க்ஸ் சாதாரண வளைந்த ஹேண்டில்பாரோடு ஓட்டிய 49.431 கிலோமீட்டருக்கே திரும்பியது. போர்ட்மன் விடவில்லை. 2000இல் அதே மாதிரி பழைய பாணி சைக்கிளில் ஏறி, மெர்க்ஸை 10 மீட்டரில் முந்தினார்.

சாசனத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணமுள்ள அணி எந்திரத்தை வைத்தே ஜெயித்துவிடும் என்ற பயம் நிஜமானது. ஆனால் விளைவு பந்தயத்தோடு நிற்கவில்லை. கம்பெனிகள் பந்தய வீரர் ஓட்டும் சைக்கிளைத்தான் கடையிலும் விற்கின்றன. ஆயுளில் ஒரு பந்தயம்கூட ஓட்டாதவர் வாங்கும் ரோடு சைக்கிளும் பெரும்பாலும் யூசிஐ விதிக்குள் அடங்கியே வருகிறது.

பார்சிலோனாவுக்குப் பிறகு பர்ரோஸ் தைவானின் ஜயன்ட் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த டிசிஆர் சைக்கிளின் மேல்பார் பின்பக்கம் சரிந்து இறங்கும். ஃப்ரேம் சிறிதாகி எடை குறைந்தது, மூன்று நான்கு அளவுகளில் எல்லோருக்கும் பொருந்தியது. இதுவும் முக்கோணம்தான், ஆகவே விதிக்குள் அடங்கியது. இன்று கடையில் பார்க்கும் பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் பார் சரிந்திருப்பதற்கு முன்னோடி அதுதான்.

கார்பன் ஃப்ரேம் பார்க்கத்தான் எந்திரம் துப்பியது போல வழவழவென்று இருக்கும். உள்ளே பெரும்பாலும் கைவேலை. பிசின் ஊறிய துணியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பிறகு உள்ளே பலூன் போன்ற பையை ஊதி, அச்சை மூடிச் சூடேற்றுகிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனி உலோக அச்சு வேண்டும், அதன் விலையும் அதிகம். இறுகிய பிசினை மறுபடி உருக்கவும் முடியாது. உடைந்த இரும்பு ஃப்ரேம் காயலான் கடைக்குப் போய்க் காசாகும். கார்பனுக்கு அந்த வழி இல்லை.

அச்சே வேண்டாம் என்கிற வழி 2022 அக்டோபரில் உலகத்தின் கண்ணில் பட்டது. இந்த முறையும் சுவிட்சர்லாந்துதான், கிரென்சென் நகரத்துத் தடம். இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி, ஒதுக்கி வைக்கப்பட்ட போர்ட்மன் கணக்கை 26 வருடம் கழித்துத் தாண்டினார். அவருடைய பினரெல்லோ ஃப்ரேம் கார்பன் அல்ல. அலுமினியம், மெக்னீசியம், ஸ்கேண்டியம் கலந்த ஸ்கேல்மல்லாய் என்ற உலோகப் பொடியை லேசரால் உருக்கி, படலம் படலமாக 3டி பிரின்டரில் எழுப்பியது. சீட்டுக் குழாயில் வரிசையாகப் புடைப்புகள். கூனல் திமிங்கிலத்தின் துடுப்பிலிருந்து எடுத்த யோசனை. அச்சுக்கட்டை தேவையில்லை என்பதால், ஒரே ஓர் ஆளின் உடலுக்கு ஒரே ஒரு ஃப்ரேம் செய்ய முடிகிறது. இனி வரப்போகும் மாற்றங்களில் எடைக் குறைப்பைவிட இதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

பர்ரோஸ் கன்னாவின் ஓட்டத்தைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே காலமானார்.

இப்போதைக்கு 3டி பிரின்டரில் செய்த உலோக ஃப்ரேம் நம் கைக்கு எட்டாத விலை. ஆனால் பழைய கார்பன் சைக்கிள்கள் கைமாறத் தொடங்கிவிட்டன. வாங்குவதாக இருந்தால், கீழே விழுந்த வண்டியா என்று முதலில் கேளுங்கள். ஒரு நாணயத்தால் ஃப்ரேமை நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வரும் சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். அலுவலகம் போய்வரத்தான் சைக்கிள் என்றால் இரும்பே போதும். உங்களுக்கு யூசிஐ விதி எதுவும் கிடையாது.