அணி வலுக்கணிப்பு: மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், 2022

அணி வலுக்கணிப்பு என்பது, ஒரு போட்டித் தொடர் தொடங்கும் முன்பே எந்த அணி எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் முறை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், ஆட்டமில்லாத கோடை மாதங்களில், இதற்கென்றே ஒரு தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கணிப்பு உலகப் போட்டி ஒன்றின் அளவில் செய்யப்பட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் பொய்த்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை. 2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்தான் அது. கூடைப்பந்துக்கும் செஸ்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இரண்டிலும் அணிகளை எடைபோடும் கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கு பிறந்தது செஸ்ஸில்.

கணக்கின் பிறப்பு

ஹங்கேரியில் 1903-இல் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற ஆர்பாட் எலோ, மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர்; நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. அவர் வகுத்த முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-இலும், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. அதன் சாரம் எளிது. இரு ஆட்டக்காரர்களின் ரேட்டிங் வித்தியாசம் 100 என்றால் மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி எடுப்பார். 200 என்றால் சுமார் 76. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு என்பதை ‘கே’ என்ற ஒரு மதிப்பு தீர்மானிக்கிறது. புதியவர்களுக்கு அது 40. 2400 புள்ளியை ஒருமுறை தொட்டவருக்கு, அவர் வயது பதினாறானாலும் அறுபதானாலும், 10. மாமல்லபுரத்தில் நடந்ததன் பாதி இந்தப் பத்தில் இருக்கிறது.

இதே கணக்கைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது நேட் சில்வர் நிறுவிய ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் ஒவ்வொன்றுக்கும் எலோ மதிப்பு தந்த அத்தளம், ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது பழைய மதிப்பில் முக்கால் பங்கை வைத்துக்கொண்டு மீதிக் கால் பங்கைச் சராசரியை நோக்கி இழுத்தது. கோடையில் புதிய ஆட்டக்காரர்கள் தேர்வாவார்கள், ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறு ஊருக்குப் போவார்கள், காயம் ஆறும், வயது ஏறும். போன ஆண்டின் வெற்றியை முழுதாக நம்ப முடியாது என்பதை அந்தக் கால் பங்கு ஒப்புக்கொள்கிறது. அதுவும் போதாது என்று 2015-இல் ‘கார்மெலோ’ என்ற முறையைச் சேர்த்தார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரையும் அதே வயதில் அவரைப்போல் ஆடிய பழையவர்களோடு ஒப்பிட்டு, இனி அவர் ஏறுமுகமா இறங்குமுகமா என்று அது சொல்லும்.

செஸ்ஸில் இப்படி எதுவும் இல்லை. 2400-ஐத் தொட்டவர்களின் வயதை ஃபிடே பட்டியல் பார்ப்பதில்லை. ஓர் அணியின் வலு என்பது அதன் முதல் நான்கு பேரின் ரேட்டிங் சராசரி, அவ்வளவுதான். அந்தச் சராசரியை வைத்துத்தான் தொடக்க வரிசை அமைகிறது. முதல் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்பதும் அந்த வரிசைப்படியே.

பூஞ்சேரிக்கு வந்த வழி

இந்த ஒலிம்பியாட் முதலில் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. பெருந்தொற்றால் 2020-இலிருந்து தள்ளிப்போய், 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் இடமே மாறியது. மார்ச் நடுவில் சென்னை அறிவிக்கப்பட்டது. கையில் இருந்த காலம் நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம். இத்தகைய போட்டிக்கு ஊர்கள் ஆண்டுக்கணக்கில் ஆயத்தமாவது வழக்கம். நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமானது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சின்னமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையோர நட்சத்திர விடுதியின் அரங்குகள் ஆடுகளமாயின. ஓபன் பிரிவில் 186 நாடுகளின் 188 அணிகள், மகளிர் பிரிவில் 160 நாடுகளின் 162 அணிகள். ரஷ்யாவும் பெலாரஸும் தடையில் இருந்தன, சீனா வரவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு இரண்டாவது அணி. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றதால் மூன்றாவதும் கிடைத்தது.

காகிதத்தில் இருந்த வரிசை

ஓபன் பிரிவில் அமெரிக்கா முதலிடம், சராசரி 2771. கருவானா, அரோனியன், வெஸ்லி சோ, லெய்னியர் டொமிங்கெஸ், ஷாங்க்லண்ட் என்ற ஐவர். ஹரிகிருஷ்ணா, விதித், அர்ஜுன் எரிகைசி, நாராயணன், சசிகிரண் ஆடிய இந்தியாவின் முதல் அணி 2696-உடன் இரண்டாவது. கார்ல்சனின் நார்வே மூன்றாவது. இந்தியாவின் இரண்டாவது அணி 2649-உடன் 11-ஆவது, ஆர்மீனியா 12-ஆவது, உஸ்பெகிஸ்தான் 14-ஆவது.

அந்த இரண்டாவது அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி மூவருக்கும் வயது 16. நிஹால் சரினுக்கு 18. முப்பதை நெருங்கிய அதிபன்தான் அணியில் மூத்தவர். அணித் தலைவராக உட்கார்ந்தவர் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். உஸ்பெகிஸ்தானிலும் இதே கதை: அப்துசத்தோரோவுக்கு 17, சிந்தாரோவுக்கு 16. பதினொன்றாம் இடம் இந்தப் பிள்ளைகளின் உண்மையான வலுவைக் காட்டவில்லை என்பது செஸ் வட்டாரத்தில் அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் பேச்சு வேறு, பட்டியல் வேறு.

பட்டியல் ஏன் பிந்தியது என்பதற்குக் காரணம் இரண்டு. 2020 மார்ச்சிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு நேருக்கு நேர் ஆடும் போட்டிகள் அரிதாகின. அந்த நாட்களில் இந்தச் சிறுவர்கள் இணையத்தில் உலகின் முன்னணியினரோடு ஆடிக்கொண்டே இருந்தார்கள். கற்றதெல்லாம் ஃபிடே ரேட்டிங்கில் ஏறவில்லை. போட்டிகள் திரும்பியபின் ஏறத் தொடங்கியதும் ‘கே’ மதிப்பு பத்து என்ற வாய்க்கால் வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. கார்மெலோ போன்ற ஒன்று செஸ்ஸுக்கு இருந்திருந்தால் அந்த அணியின் பெயருக்கு எதிரே இன்னும் பெரிய எண் இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆகஸ்ட் 6

எட்டாவது சுற்றில் அமெரிக்காவும் இந்தியாவின் இரண்டாவது அணியும் மோதின. சராசரி வித்தியாசம் 122. எலோ கணக்கின்படி ஒவ்வொரு பலகையிலும் அமெரிக்கருக்கு 0.67 புள்ளி வர வேண்டும். நான்கு பலகைக்கு ஏறத்தாழ 2.7. வந்தது 1. குகேஷ் கருவானாவை வீழ்த்தினார், சாத்வானி டொமிங்கெஸை வீழ்த்தினார், மற்ற இரண்டு ஆட்டங்களும் டிரா. குகேஷுக்கு அது தொடர்ச்சியாக எட்டாவது வெற்றி. நான்கு ஆட்டத்தில் கணக்கு தவறுவது அதிசயமில்லை. பதினொரு சுற்று முடிந்தபின்னும் அது நேராகவில்லை என்பதுதான் செய்தி. உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி எடுக்க, சமன்முறிப்புக் கணக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. 18 புள்ளியுடன் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். தொடக்க வரிசையின் 14, 12, 11 ஆகியவை மேடையில் முறையே 1, 2, 3 ஆக நின்றன. இந்தியாவின் முதல் அணி நான்காவது, அமெரிக்கா ஐந்தாவது.

பத்தாம் சுற்றில் குகேஷ், அப்துசத்தோரோவுக்கு எதிராக மேலோங்கி நின்ற ஆட்டத்தைத் தோற்றார். அந்தச் சுற்று 2–2 என்று முடிந்தது. வென்றிருந்தால் பதக்கத்தின் நிறம் வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் முதல் பலகையில் 11 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து அவருக்குத் தனிநபர் தங்கம். நிஹாலுக்கு இரண்டாவது பலகையில் தங்கம்.

வந்தவர்களும் போனவர்களும்

செஸ்ஸுக்குக் கோடை விடுமுறை கிடையாது, ஆட்டக்காரர் ஏலமும் கிடையாது. ஆனால் நாடு மாறுவது உண்டு. அமெரிக்க ஐவரில் நால்வர் முன்பு வேறு கொடியின்கீழ் ஆடியவர்கள். மயாமியில் பிறந்த கருவானா பத்தாண்டு இத்தாலிக்காக ஆடிவிட்டு 2015-இல் திரும்பினார். சோ பிலிப்பைன்ஸிலிருந்து 2014-இல், டொமிங்கெஸ் கியூபாவிலிருந்து 2018-இல், அரோனியன் ஆர்மீனியாவிலிருந்து 2021-இல் வந்தார்கள். அரோனியனின் மாற்றம்தான் பெரிய பேச்சு. 2006, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பியாட் தங்கத்தை ஆர்மீனியாவுக்கு வாங்கித் தந்த அணியின் முதல் பலகைக்காரர் அவர். அவர் போனபின் ஆர்மீனியாவைப் பதக்கக் கணக்கில் சேர்த்தவர்கள் குறைவு. அவர் இல்லாத ஆர்மீனியா வெள்ளி வென்றது. அவர் இருந்த அமெரிக்கா வெறுங்கையோடு திரும்பியது.

கூடைப்பந்து ரசிகர்களுக்கு இது பழகிய காட்சி. 2010 கோடையில் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி ஹீட்டுக்கு வந்து டுவெய்ன் வேடுடன் சேர்ந்தபோது கோப்பை முடிந்த கதை என்றார்கள். 2011 இறுதியில் டாலஸ் மேவரிக்ஸிடம் 4–2 என்று தோற்றார்கள். அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களே வென்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதேபோல், கருவானாவும் சோவும் இருந்த அமெரிக்க அணி 2016-இல் பாகுவில் தங்கம் வென்றிருக்கிறது. வெளியிலிருந்து ஆளைக் கூட்டி வருவது வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். வந்தவரின் மதிப்பு வந்த மறுநாளே அணியின் மதிப்பாகிவிடும் என்று கூட்டிப் போடுவதில்தான் பிசகு.

ஒரு நட்சத்திரத்தின் எடை

ஓரிடத்தில் இரண்டு ஆட்டமும் பிரிகின்றன. கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர். சிறந்தவர் கையில் பந்து மீண்டும் மீண்டும் வரும், அவர் ஆட்டத்தையே தூக்கிச் செல்ல முடியும். அதனால்தான் அங்கே ஒரே ஒப்பந்தம் ஓர் அணியின் கணிப்பைத் தலைகீழாக்குகிறது. செஸ்ஸில் உலக சாம்பியன் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் நான்கில் ஒரு புள்ளிதான் அவர் கணக்கு. அப்போதைய சாம்பியன் கார்ல்சனின் ரேட்டிங் அன்று 2864. நார்வேயின் சராசரியை மூன்றாம் இடத்துக்கு உயர்த்தியது அந்த ஒற்றை எண். அவரை எடுத்துவிட்டால் மற்றவர்களின் சராசரி 2650-ஐத் தொடாது. முதல் பலகையில் கார்ல்சன் தனிநபர் வெண்கலம் வென்றார். நார்வே முடித்தது 59-ஆவது இடத்தில். சராசரி எடுப்பதில் உள்ள இந்தக் குறையைச் சுட்ட இதைவிடப் பளிச்சென்ற சான்று கிடைக்காது. இந்தியாவின் இரண்டாவது அணியிலோ குகேஷுக்கும் நான்காவது ஆளுக்கும் இடைவெளி எண்பது புள்ளிக்குள்.

மகளிர் பிரிவில் கணக்கு பொய்க்கவில்லை

தொடக்க வரிசையில் இந்தியா 1, உக்ரைன் 2, ஜார்ஜியா 3. பதக்கம் பெற்றவர்களும் இதே மூவர். வரிசை மட்டும் உக்ரைன், ஜார்ஜியா, இந்தியா என்று மாறியது. கோனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி அடங்கிய இந்திய அணி கடைசிச் சுற்றுவரை முன்னிலையில் இருந்து, அமெரிக்காவிடம் 3–1 என்று தோற்றுத் தங்கத்தை இழந்தது. ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இந்த மூன்று அணிகளிலும் பெரும்பாலோர் பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள், ரேட்டிங் நிலைபெற்றவர்கள். ஓபன் பிரிவில் பொய்த்த அதே கணக்கு அடுத்த மேசைகளில் மெய்த்ததற்கு இதுவே காரணம். எலோ முறையைக் குறை சொல்பவர்கள் மகளிர் பிரிவைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்னர்

பட்டியல் மெல்ல வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பர் பட்டியலில் குகேஷ் 2726. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா ஓபன் பிரிவுக்கு ஒரே அணியோடு போனது: அர்ஜுன், குகேஷ், பிரக்ஞானந்தா, விதித், ஹரிகிருஷ்ணா. மாமல்லபுரத்தில் 2684 ஆக இருந்த குகேஷ் 2764-லும், 2648 ஆக இருந்த பிரக்ஞானந்தா 2750-லும் நின்றார்கள். தொடக்க வரிசையில் அமெரிக்கா 2757, இந்தியா 2753. இந்தியா 22-இல் 21 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது, அமெரிக்காவுக்கு வெள்ளி. வரிசையில் நான்காவதாக ஏறியிருந்த உஸ்பெகிஸ்தானுக்கு வெண்கலம். மகளிர் பிரிவில் முதலிடத்தில் தொடங்கிய இந்தியாவே தங்கத்தையும் எடுத்தது.