அக்கானியின் அடுப்பு

ஒவ்வொரு சித்திரையிலும் பெண்கள் பத்திரிகைகள் ஒரே தலைப்பைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுகின்றன. கோடைக்கேற்ற குளுகுளு இனிப்புகள். அடுப்பில்லாமல், பத்தே நிமிடத்தில். இந்தத் தலைப்புகளை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. வெயில் கொளுத்தும் மதியத்தில் பாயசம் கிளறிக்கொண்டு நிற்க வேண்டியவள் பெண் என்றால், 'அடுப்பில்லாமல்' என்ற சொல்லுக்குள் ஒரு சிறிய விடுதலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுப்பே காணாத இனிப்பு என்று ஒன்று இருக்கிறதா? நம் சமையலறையிலிருந்து விலகிய அடுப்பு யார் வீட்டுக்குப் போனது? இந்தக் கேள்வியை நாஞ்சில் நாட்டிலிருந்து, அக்கானியை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.

பதநீரைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அக்கானி என்போம். எங்கள் பக்கத்தின் கோடை இனிப்புகளில் இதைவிட எளியது கிடையாது. காலையில் இறக்கிய அக்கானியை வடிகட்டி, இளம் நுங்கின் தோலை உரித்துப் பிதுக்கிப் போட்டு, பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் குடிப்பது. மாங்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. அக்கானி கிடைக்காத நாளில் நுங்கோடு இளநீரும் வழுக்கையும் சேர்த்துக் கொள்ளலாம். தேங்காய்ப் பாலில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நுங்கை நறுக்கி மிதக்கவிட்டால் அதுவே ஒரு பாயசம். கருப்பட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் பானகம். எதற்கும் தீ மூட்ட வேண்டியதில்லை.

இந்த எளிமை சில மணி நேரம்தான் நீடிக்கும். பாளையிலிருந்து சாறு சொட்டத் தொடங்கியதுமே அது புளிக்கவும் தொடங்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, நிறுத்திவிடாது. காலையில் தேனாக இருக்கும் அக்கானியை மாலைவரை அப்படியே வைத்திருக்க முடியாது. குடித்தது போக மிச்சத்தை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாளையை நாள்தோறும் சீவாவிட்டால் சாறு நின்றுவிடும். ஆண் நாள்தோறும் ஏறியாக வேண்டும் என்றால், பெண் நாள்தோறும் காய்ச்சியாக வேண்டும். மாதவிடாய் என்றோ கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ அடுப்புக்கு விடுமுறை சொல்ல முடியாது.

அக்கானியில் சர்க்கரையின் அளவு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை ஒட்டியது. ஆகவே ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் அக்கானி வேண்டும். மீதி முழுவதும் ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் வேலைதான் பெண்ணுடையது. காய்ந்த ஓலை, மட்டை, சருகு, சுள்ளி என்று விறகு சேர்ப்பதில் தொடங்குகிறது அது. அக்கானியைத் துணியில் வடித்து அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மணிக்கணக்கில் தீ எரிக்க வேண்டும். பொங்கி வழியும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்க வேண்டும். பதம் நெருங்க நெருங்கத் தீயைக் குறைத்து, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் முந்தி இறக்கினால் உறையாது. கொஞ்சம் பிந்தினால் கருகிக் கசக்கும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். வெப்பமானி எதுவும் இல்லாமல் நிறத்தையும் நுரையையும் மணத்தையும் வைத்துச் செய்யும் இந்தக் கணிப்பு நுட்பமான தொழிலறிவு. பனை நன்றாகச் சுரக்கும் பங்குனி, சித்திரை, வைகாசிதான் வெயில் உச்சத்தில் நிற்கும் மாதங்களும். ஊரே நிழல் தேடும் பருவத்தில் ஒருத்தி தாழ்ந்த கூரையின் கீழ் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் என் கவனம் பெயர்களின்மேல் போகிறது. மரத்தில் ஏறுகிறவருக்குப் பனையேறி என்று பெயர் இருக்கிறது. அவருடைய பாளை அரிவாளுக்கும், காலில் மாட்டும் தளைக்கும், மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடிக்கும் பெயர்கள் இருக்கின்றன. காய்ச்சும் குடிசைக்குக்கூடத் திருச்செந்தூர்ப் பக்கம் விடிலி என்று பெயருண்டு. அதற்குள் இருந்து காய்ச்சுகிறவளுக்கு, நான் கேட்டு வளர்ந்த வழக்கில் ஒரு தொழிற்பெயர் இல்லை. அவள் பனையேறியின் பெண்டாட்டி, பனையேறியின் அம்மை, பனையேறியின் மகள். ஏறுவது தொழிலாகவும் காய்ச்சுவது வீட்டு வேலையாகவும் மொழியிலேயே பிரிந்து கிடக்கின்றன. இத்தனைக்கும் சந்தைக்குப் போவது அவள் காய்ச்சிய கருப்பட்டி.

வரலாற்று ஆவணங்களிலும் இதே நிலைதான். திருவிதாங்கூர் அரசு பனைத்தொழிலை நன்றாகவே பார்த்திருந்தது, வரி வாங்குவதற்காக. ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் போடும் தளைக்குத் தளைக்காணம் என்று கருவிகளுக்கெல்லாம் வரி இருந்தது. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையின் நாடார்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதிலிருந்த இழிவான பார்வைக்காகப் பின்னாளில் அந்தச் சமூகத்திடமிருந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்த நூல் அது. பனையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அக்கானியும் கருப்பட்டியுமே அன்றாட உணவாக இருந்ததை அதில் பார்க்க முடிகிறது. இன்று நாம் சாப்பாட்டுக்குப் பின் சுவைக்கும் இனிப்பு, அதைச் செய்தவர்களுக்குச் சாப்பாடாகவே இருந்திருக்கிறது. அக்கானியில் அரிசியோ பயறோ போட்டு வேகவைத்த கஞ்சியை இன்று விருந்தினருக்குப் பெருமையாகக் கொடுக்கிறோம். அந்தக் கஞ்சிக்குப் பசியின் வரலாறும் உண்டு.

இந்தப் பெண்களின் உடல் அரசாணைகளுக்குள் வந்த கதை எல்லோரும் அறிந்ததுதான். தோள்சீலைப் போராட்டம் 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் வெடித்தது. மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1829இல் வந்த அரசாணை அவர்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதைத் தடை செய்தது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய். அரியணையில் ஒரு பெண் இருந்ததால் மட்டும் விளையில் நின்ற பெண்ணுக்கு எதுவும் மாறிவிடவில்லை. 1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய ஆணையை வெளியிட்டார். குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு விதமாகவும் மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது. வென்ற பிறகும் மிஞ்சிய அந்தக் கடைசி நிபந்தனையை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தப் போராட்டத்தை நாம் சாதி, மதமாற்றம், மானம் என்ற சொற்களால் எழுதியிருக்கிறோம். அவை அத்தனையும் தேவையான சொற்கள். அவற்றோடு உழைப்பு என்ற சொல்லையும் சேர்க்க விரும்புகிறேன். மேலாடை கிழிக்கப்பட்ட இடங்களில் சந்தைகளும் உண்டு. பனையை நம்பிய குடும்பத்துப் பெண்ணுக்குச் சந்தை வேடிக்கை பார்க்கும் இடமா? காய்ச்சியதை அரிசியாகவும் உப்பாகவும் மாற்றுகிற இடம் அது. வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வசதியில்லாதவள், பொதுவெளிக்கு வந்தே ஆக வேண்டியவள், அங்கே எந்த உடையில் நிற்பது என்பதைத் தானே முடிவு செய்யக் கேட்டாள். அவளைத் தாக்கியவர்களின் வீடுகளுக்கும் கருப்பட்டி போய்ச் சேர்ந்தது. தீண்டத்தகாத கைகள் என்று விலக்கியவர்கள், அந்தக் கைகள் காய்ச்சிய இனிப்பை விலக்கி வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பனைக்கு ஒரு தேசியக் கவனம் கிடைத்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், ஜே. சி. குமரப்பாவின் வழிகாட்டுதலில் பனைவெல்லத்தைக் கிராமத் தொழில்களில் ஒன்றாக முன்வைத்தது. 1937இல் ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள் இறக்குகிறவர்கள் பதநீருக்கு மாறலாம், மரமும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும் என்பது அந்தக் காலத்தின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். குடியால் அடிபட்ட பெண்கள் மதுவிலக்கை வரவேற்றார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று. கள்ளுக்கு அடுப்பு வேண்டாம். அது தானே புளித்துத் தானே கள்ளாகிவிடும். பதநீருக்கு மாறினால் மரத்தில் ஏறும் வேலை அதே அளவில் நிற்க, நாள்தோறும் பல மணி நேரத் தீ புதிதாகச் சேர்கிறது. சீர்திருத்தத்தின் கூடுதல் உழைப்பு யார் தலையில் விழுந்தது என்று கேட்டால், அடுப்படியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கருப்பட்டியின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது சீனி. நாஞ்சில் வழக்கில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக வருவது சீனி. சீனி சுத்தமானது, நாகரிகமானது, உடனே கரைவது. அதன் பின்னாலும் தமிழ்ப் பெண்கள் நிற்கிறார்கள். தோள்சீலை ஆணைக்கு அடுத்த ஆண்டு, 1860 நவம்பர் 16 அன்று, 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காகப் போன அந்த முதல் கப்பலில் பெண்களும் இருந்தார்கள். மொரீஷியஸ், பிஜி என்று கரும்பு வளர்ந்த தீவுகளிலும் இதே கதைதான். கருப்பட்டியை விட்டுச் சீனிக்கு மாறினால் மனச்சாட்சிக்கு விடுதலை கிடைத்துவிடாது. இனிப்பின் வரலாற்றில் பெண்ணின் வியர்வை கலக்காத ஏடு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

எங்கள் மண்ணில் இந்த வாழ்க்கையை முதலில் நாவலாக்கியவர்களில் ஒருவர் ஒரு பெண் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. விளைக்குச் சொந்தமான, நொடித்துப்போன குடும்பத்தின் லிஸிக்கும் பனையேறும் குடும்பத்தின் தங்கராஜுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் நாவல் அது. ஒரே சமூகத்துக்குள்ளேயே பனை வைத்திருப்பவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் நடுவில் எத்தனை பெரிய சுவர் இருந்தது என்பதை, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து அவர் எழுதினார். மாணவிகளுக்கு அந்த நாவலைப் படிக்கக் கொடுக்கும்போது ஒரு பயிற்சியும் சேர்த்துக் கொடுப்பேன். லிஸியின் கதையை விட்டுவிட்டு, அதே விளையில் அக்கானி காய்ச்சும் ஒரு பெண்ணின் ஒரு நாளை எழுதுங்கள் என்பேன். காதலைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்தப் பயிற்சியில் திணறுவார்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சிலர் அவகாசம் கேட்பார்கள்.

இப்போது பனை மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. அது தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வந்த மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்றும் அறிவித்தது. பனை விதை ஊன்றும் இளைஞர்களைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இயற்கை அங்காடிகளில் கருப்பட்டி அழகான பெட்டிகளில் வருகிறது. இந்தப் பக்கமோ விளைகள் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஏறப் போவதில்லை, மருமகள்கள் காய்ச்சப் போவதில்லை. மரபு அழிகிறதே என்று மேடைகளில் வருந்துகிறவர்கள், அந்த மருமகளின் மறுப்பை ஒரு குறையாகவே பேசுகிறார்கள்.

அவள் மறுப்பது சரிதான் என்பது என் நிலைப்பாடு. புகையில் கண் எரிந்து, பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக அவர் சொன்ன விலைக்குக் கொடுத்து, சீனி கலந்த போலிக் கருப்பட்டியோடு சந்தையில் போட்டி போட்டு, கடைசியில் 'வீட்டு வேலை' என்ற பெயரையும் வாங்கிக்கொள்ள யாருக்கும் கடமை இல்லை. கருப்பட்டி வேண்டும் என்று கேட்கும் நாம் புகைபோக்கி வைத்த அடுப்பையும், காய்ச்சும் உழைப்புக்குத் தனிக் கூலியையும், அவள் பெயரிலேயே ஒரு தொழில் அடையாளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மரம் காக்கப்பட்டு அடுப்பு பழையபடியே இருந்தால், காக்கப்பட்டது நம் நாக்கின் ருசி மட்டும்தான்.

மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் நுங்கும் அக்கானியும் தாராளமாகச் சாப்பிடுங்கள், பானகம் கரையுங்கள். தேவைக்கு அதிகமாக அடுப்படியில் நிற்காதீர்கள், நிற்கச் சொல்கிறவர்களுக்கு ஒரு தம்ளர் பானகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அதோடு, உங்கள் ஊரில் அக்கானி காய்ச்சிய பெண்கள் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் முதியவர்களாக இருப்பார்கள்; இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது. பதம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். எந்த வயதில் தீயின் முன் உட்கார்ந்தார்கள், விறகு பொறுக்க எவ்வளவு தூரம் நடந்தார்கள், பிரசவமாகி எத்தனையாவது நாளில் மறுபடியும் துடுப்பைப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். கருப்பட்டி விற்ற காசு யார் கைக்குப் போனது என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.